புள்ளியும் கோடும்

இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நடமாடிய யாருக்கும் புள்ளிராஜாவைத் தெரியாமல் இருக்காது. அவருக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று சுவர்களும் விளம்பரப் பலகைகளும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தன. யாருய்யா அந்த ஆள் என்று டீக்கடைகளில் பேச்சு. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். எய்ட்ஸ் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே கூசிய வீடுகளில்கூடப் பிள்ளைகள் அந்தக் கேள்வியைப் பாட்டாகப் பாடித் திரிந்தார்கள்.

விளம்பரம் ஊர்வாயில் புகுந்தது, சரி. ஆனால் அதைப் பார்த்த எத்தனை பேர் தங்கள் நடத்தையை மாற்றிக்கொண்டார்கள்? சோப்பு விளம்பரம் என்றால் கடையில் சோப்பு விற்ற கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே அளக்க வேண்டியதோ கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது யாரிடமிருந்து யாருக்கு, எந்தச் சூழலில் போனது என்பதற்குப் பரிசோதனைக் குழாய் பதில் சொல்லாது. சம்பந்தப்பட்ட ஆட்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்பதில்தான் ஒரு தனி அறிவியலே தொடங்குகிறது.

முதலில் ஒரு கணக்கு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறார்கள். வந்தவர்கள் கொடுத்ததையெல்லாம் கூட்டினால், மொய் நோட்டில் விழுந்த தொகையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு லட்சம் கொடுத்ததாகச் சொல்லி, நோட்டில் ஐம்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் எங்கோ இடிக்கிறது. ஆண் பெண் உறவும் அப்படித்தான். ஓர் ஆணின் கணக்கில் ஒரு பெண் ஏறும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கணக்கில் ஓர் ஆண் ஏறியாக வேண்டும். ஊரில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்தால் இருபாலாரின் சராசரியும் ஒன்றாகத்தான் வரவேண்டும். வேறு வழியே கிடையாது.

ஆனால் வருவதில்லை. பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை பதினைந்தாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த தேசியப் பாலியல் ஆய்வில், வாழ்நாளில் எத்தனை துணைகள் என்று கேட்டதற்கு ஆண்கள் சொன்னது சராசரியாக 14, பெண்கள் சொன்னது 7. மீதி ஏழு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

நம் ஊர்க் கணக்கு இன்னும் வேடிக்கை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதற்குமான சராசரி ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 1.7. ஆனால் பதினொரு மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் பெண்களின் சராசரிதான் கூடுதல். அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். அதே ஆய்வில், கடந்த ஓராண்டில் திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருந்ததாகச் சொன்ன ஆண்கள் 4 விழுக்காடு, பெண்கள் அரை விழுக்காடு. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் யாரும் தலைப்புச் செய்தி எழுதத் துணிய மாட்டார்கள். சராசரி என்பது ஏமாற்றுக்கார எண். ஆயிரம் பேரில் ஐந்து பேர் பெரிய எண்ணாகச் சொல்லிவிட்டால் போதும், மற்ற 995 பேரின் பெயரும் சேர்ந்து கெடும்.

பொய்தான் காரணமா? 2003இல் அமெரிக்காவில் மிஷெல் அலெக்சாண்டர், டெரி ஃபிஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு குழுவுக்கு, எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடலாம் என்ற நிலை. இன்னொரு குழுவின் உடலில் கம்பிகளை மாட்டி, இது பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. பார்த்துவிடுவார்கள் என்று பயந்த பெண்கள் சொன்ன துணைகளின் சராசரி 2.6, கருவிக்குப் பயந்த பெண்கள் சொன்னது 4.4. ஆண்களின் எண் 3.7இலிருந்து 4.0 என்று சற்றே நகர்ந்ததோடு சரி. ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் யாருடைய எண்ணை அதிகம் அமுக்குகிறது என்பது இதில் தெரிந்துபோயிற்று.

ஆனால் எல்லாமே பொய் இல்லை. பிரிட்டன் கணக்கைப் பின்னாளில் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பெண்கள் பெரும்பாலும் ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஆண்கள் பலர் 'ஒரு இருபது இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். குத்துமதிப்பு எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். மீன் பிடித்தவர் கை விரித்துக் காட்டுவதைப் போல. மிகப் பெரிய எண்களை ஒதுக்கி, எண்ணியவர்களையும் உத்தேசமாகச் சொன்னவர்களையும் சமன்செய்து, பாலுறவு பற்றிய மனப்பாங்கையும் கணக்கில் எடுத்ததும் ஏழாக இருந்த இடைவெளி மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

(அந்த பிரிட்டன் ஆய்வே நடக்காமல் போயிருக்கும். 1989இல் மார்கரெட் தாட்சரின் அரசு அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த நேரம். எவ்வளவு பரவும் என்று கணிக்க அடிப்படை எண்களே கையில் இல்லை. வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுத்ததால் 18,876 பேரிடம் முதல் ஆய்வு நடந்து முடிந்தது.)

ஆக, எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். அதற்குச் சில உபாயங்கள் உண்டு. 1990களில் அமெரிக்க விடலைப் பையன்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான தாளில் எழுதச் சொன்னபோது வேறோர் ஆணுடன் உறவு கொண்டதுண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் 1.5 விழுக்காடு. காதில் மாட்டிய கருவியில் கேள்வியைக் கேட்டு, கணினியில் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லச் செய்தபோது 5.5 விழுக்காடு. பதிலைக் கேட்கும் முகம் எதிரில் இல்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

கர்நாடகத்தின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் கணினி இல்லாமலே இதைச் செய்தார்கள். பெயர், 'வாக்குச்சாவடி ஆய்வு'. பத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் இடையே அட்டைத் தடுப்பு வைப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பெட்டிகள். கையில் எண் போட்ட சீட்டுகள். நடத்துபவர் முதல் கேள்வியை உரக்கப் படிப்பார். ஆம் என்றால் ஒன்றாம் சீட்டு பச்சைப் பெட்டிக்கு, இல்லை என்றால் சிவப்புக்கு, எனக்குப் பொருந்தாது என்றால் வெள்ளைக்கு. பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது, படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் கிடையாது. கடைசியில் எல்லோருடைய பச்சைச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவார்கள். நேருக்கு நேர் கேட்டால் மறைக்கிற சங்கதிகள் இந்த முறையில் கணிசமாகக் கூடுதலாக வெளிவந்தன. ஓட்டுப் போடத் தெரிந்த நாட்டுக்கு ஏற்ற கருவி.

இன்னொரு உபாயம் இதைவிட அழகு. அதற்கு வித்திட்டவர் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர், ஆண்டு 1965. எளிய வடிவில் சொல்கிறேன். 200 பேரிடம் ஆளுக்கொரு நாணயத்தைக் கொடுத்து, யாரும் பார்க்காமல் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் கேள்வி எதுவானாலும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது ஒருவர் 'ஆம்' என்றால் அவர் தப்புச் செய்தாரா, தலை விழுந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். கேட்பவருக்குத் தெரியாது, சொன்னவரின் மனைவிக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துவிடும். 200 பேரில் சுமார் 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்கள் அத்தனை பேரும் ஆம். மொத்தம் 130 ஆம் வந்தால், மீதி 30 ஆம் உண்மை சொன்ன 100 பேரிடமிருந்து வந்தவை. அப்படியானால் ஊரில் சுமார் முப்பது விழுக்காடு. தனி ஆளின் ரகசியம் ரகசியமாகவே இருக்க, ஊரின் கணக்கு மட்டும் கைக்கு வருகிறது.

ஆட்களின் எண்ணிக்கை கிடைத்தாயிற்று. நோய் பரவுவதைப் புரிந்துகொள்ள அது பாதிதான். கோலத்தில் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டால் அது கோலமாகுமா? எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு கோடு சேர்க்கிறது என்பதில்தான் விஷயம். இப்படி ஆட்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்கு இடையிலான தொடர்பைக் கோடுகளாகவும் வரைந்து பார்ப்பதை உறவு வலைப்பின்னல் ஆய்வு என்கிறார்கள்.

இதில் மிகப் பேர்பெற்ற படம் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியுடையது. ஆய்வில் அதற்கு வைத்த புனைபெயர் ஜெபர்சன். 2004இல் பீட்டர் பேர்மன், ஜேம்ஸ் மூடி, கேத்ரின் ஸ்டோவல் என்ற மூன்று சமூகவியலாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஒன்றரை ஆண்டில் காதலோ உறவோ இருந்ததாகச் சொன்ன மாணவர்கள் 573 பேர். யார் யாருடன் என்று கோடு போட்டதும் வெளிப்பட்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 63 ஜோடிகள் தாமுண்டு தம் துணையுண்டு என்று தனியே இருந்தன. 288 பேர் மட்டும் ஒரே நீண்ட கொடியில் கோக்கப்பட்டிருந்தார்கள். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 37 படிகள்.

அந்தக் கொடியில் தொற்றிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றோ இரண்டோ துணைகள் மட்டும் கொண்ட சாதாரணப் பிள்ளைகள். 'எனக்கு ஒரே ஒருத்தன்தான்' என்று ஒரு பெண் மனசாட்சியோடு சொல்லலாம். அவளுக்கும் முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கும் இடையே பாதை இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. யாராலும் தாம் நிற்கும் இடத்திலிருந்து முழுக் கோலத்தைப் பார்க்க முடியாது.

வலைப்பின்னலின் வடிவம் தெரிந்தால் தடுப்பின் உத்தியும் மாறும். சில ஊர்களின் படம் பேருந்து நிலையம் மாதிரி இருக்கும். எல்லாப் பாதையும் ஒரு சிலர் வழியாகவே போகும். 1970களில் வெட்டை நோயை ஆராய்ந்த அமெரிக்கர்கள் இதை 'மையக் குழு' என்றார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் விசாரித்தபோது, நோய் கண்டவர்கள் சில தெருக்களிலும் ஒரு சில மதுக்கூடங்களிலுமே குவிந்திருந்தார்கள். அங்கே மையத்தில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை தந்தால் ஊரே பிழைக்கும். ஜெபர்சனின் படமோ கிளை ரயில் பாதை மாதிரி. நிலையமே இல்லை. யாரை மையம் என்று தேடிப் பிடிப்பது? ஆனால் ஒற்றைத் தடம் என்பதால் எங்கே ஒரு தண்டவாளம் கழன்றாலும் பாதை துண்டாகிவிடும். அங்கே எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுத்து, நூற்றில் சிலர் மாறினாலே கொடி பல துண்டாகும். ஒரே கிருமி, இரண்டு வரைபடம், நேர்மாறான இரண்டு உத்தி.

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் மேற்குக் கென்யாவிலிருந்து வந்தது. பாஸ்கலின் டுபா பிரான்சில் பிறந்த பொருளாதார ஆய்வாளர். அவர் அங்கே 328 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு குலுக்கல் முறையில் பிரித்தார். சிலவற்றில், திருமணம் வரை விலகி இருங்கள் என்ற அரசுப் பாடத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி. 71 பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு நாள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பேச்சு: ஒரு சிறு படம், பிறகு கரும்பலகையில் சில எண்கள். எந்த வயது ஆண்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதுதான் அந்த எண்கள். கூடப் படிக்கும் பையன்களிடம் மிகக் குறைவு. பணமும் வேலையும் உள்ள, அன்பளிப்புகள் வாங்கித் தரும் பெரியவர்களிடம் பல மடங்கு. அந்தச் சிறுமிகள் அதுவரை நேர்மாறாக நினைத்திருந்தார்கள்: பெரியவர்கள் பொறுப்பானவர்கள், பையன்கள்தான் ஊர்சுற்றிகள் என்று.

பலன் வந்ததா என்று சிறுமிகளிடம் கேட்டு எழுதியிருந்தால் மொய்க் கணக்குச் சிக்கல்தான் மறுபடியும். டுபா எண்ணியது குழந்தைப் பிறப்பை. பாதுகாப்பற்ற உறவை மறைக்கலாம், இடுப்பில் இருக்கும் பிள்ளையை மறைக்க முடியாது. ஓராண்டில் அந்த 71 பள்ளிகளின் சிறுமிகளிடம் பிள்ளைப்பேறு மற்றவற்றைவிட 28 விழுக்காடு குறைந்திருந்தது. முக்கியமாக, வயதில் மூத்த ஆண்களால் வந்தவை. விலகி இருங்கள் என்ற பாடத்தால் பிள்ளைப்பேறு குறையவில்லை. 'வேண்டாம்' என்பதைவிட 'எது எவ்வளவு ஆபத்து' என்ற தகவல் வேலை செய்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்பளிப்போடு வருகிற அந்தப் பெரியவர் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

தகவல் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாதவர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதி சோனாகாச்சி. 1992இல் அங்கே பால்வினைத் தொற்றுகளைக் கணக்கெடுக்கப் போனவர் ஸ்மரஜித் ஜனா என்ற மருத்துவர். பால்வினைத் 'தொற்று' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நோயென்றால் வலியோ புண்ணோ தெரிய வேண்டும். இந்தக் கிருமிகள் பலவும், குறிப்பாகப் பெண்களுக்கு, எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே இருக்கும். வழக்கமான வழி, ஆணுறையின் அருமையைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வது. ஜனா அவர்களிடமே உட்கார்ந்து பேசியபோது, அருமை தெரியாதது அல்ல பிரச்சினை என்று புரிந்தது. வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறான். மறுத்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவான். வீட்டுக்காரிக்கு வாடகை தர வேண்டும், கந்துவட்டிக்காரன் மாலையில் வருவான், போலீஸ்காரருக்கும் தெருத் தாதாவுக்கும் பங்கு உண்டு. அந்த அறைக்குள் இரண்டு பேர் இருப்பதாக வெளியிலிருந்து தோன்றும். முடிவெடுக்கும் இடத்தில் ஆறேழு பேர் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத்தான் இடமில்லை.

அதனால் ஆணுறைத் திட்டம் என்று தொடங்கியது வேறொன்றாக வளர்ந்தது. பாலியல் தொழிலாளர்களே சக தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். வீட்டுக்காரிகளிடமும் காவல் நிலையத்திலும் பேச்சுவார்த்தை நடந்தது. 1995இல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. கந்துவட்டிக்குப் போகாமல் கடன் கிடைத்தது. சேமிப்பு இருப்பவளால்தான் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்து 'வேண்டாம், போ' என்று சொல்ல முடியும். கூட்டுறவு வங்கிப் புத்தகம் எச்.ஐ.வி. தடுப்புக் கருவியாவதை எந்த மருத்துவப் பாடநூலும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

இது சோனாகாச்சியின் தனி மகிமையா, ஜனா என்ற ஒரு மனிதரின் கைராசியா? வடக்கு வங்காளத்தில் இரண்டு சிறுநகரங்களை எடுத்து, ஒன்றில் இதே முறையையும் மற்றொன்றில் வழக்கமான சிகிச்சை, அறிவுரையையும் வைத்து ஒப்பிட்டார்கள். 2004இல் வெளியான முடிவு: முதல் ஊரில் ஆணுறைப் பயன்பாடு 39 விழுக்காடு கூடியது, இரண்டாவதில் 11. இரண்டே ஊர், அதுவும் வாய்ச்சொல்லை நம்பிய கணக்கு. கட்டுரையின் முற்பகுதியைப் படித்தவர்கள் இதையும் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசத்தின் அளவைப் பார்த்தால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

கடைசியாகச் சென்னை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு பேரிடம் கிருமி இருந்தது. அன்று தேடியது மையக் குழுவில். தேட வேண்டிய இடமும் அதுதான். அதன்பின் ஊர் தனக்கு வசதியாக ஒரு முடிவுக்கு வந்தது: இது 'அந்த மாதிரி' ஆட்களுக்கு வருவது, ஒருவனுக்கு ஒருத்தி என்று இருந்தால் பயமில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுனிதி சாலமனின் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் வேறு மாதிரி இருந்தார்கள். எச்.ஐ.வி. தொற்றிய 134 பெண்களின் விவரத்தைத் தொகுத்து 2000இல் ஒரு கட்டுரை வெளியானது. பெரும்பாலோர் இல்லத்தரசிகள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வாழ்வில் அறிந்தது ஒரே ஒரு ஆணை, அதாவது கட்டிய கணவனை. பெண்கள் எண்ணைக் குறைத்துச் சொல்வதுண்டு என்று மேலே பார்த்தோம். அதற்காகக் கொஞ்சம் தள்ளிவைத்தாலும் படம் மாறாது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற பாதுகாப்பு விதியை இவர்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள். அவர்களுடைய புள்ளியில் ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோட்டின் மறுமுனையில் எத்தனை கோடுகள் கிளைத்தன என்பது அவர்கள் கையில் இல்லை.

இதில் இன்னொரு கொடுமையும் தெரியவந்தது. கர்ப்பத்தின்போது எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை உண்டு. ஆண்களுக்கு அப்படியொரு கட்டாயச் சந்தர்ப்பமே கிடையாது. அதனால் பல குடும்பங்களில் கிருமி முதலில் மனைவியிடம் கண்டுபிடிக்கப்படுகிறது. முதலில் தெரிந்தவள்தான் முதலில் கொண்டுவந்தவள் என்று மாமியார் வீட்டில் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. இந்தப் பயத்தாலேயே முடிவை மறைத்தவர்களும் மருந்துக்கு வராமல் போனவர்களும் உண்டு. ஆய்வகத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. யாரை முதலில் பரிசோதிப்பது என்ற வரிசையிலேயே ஒரு பழி ஒளிந்திருந்தது. அதை எடுத்துக் காட்டியவர்கள் பெண்களோடு உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்தவர்கள்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கான ஆலோசனை, பரிசோதனைப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர். ஒரு சிறிய அறை, ஒரு மேசை, சாத்தக்கூடிய கதவு. கர்ப்பிணிப் பெண் விரல் நுனியைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு எழும்போது, முடிவு என்னவென்று இருவருக்குமே தெரியாத அந்த நிமிடத்திலேயே, ஆலோசகர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது: "அடுத்த தடவை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா. அவருக்கும் பாத்துடலாம்."